ஒவ்வொரு சமூக வலைத்தளத்துக்கும் தனித்தனியாக ஆப் எழுத வேண்டுமா?

மேட்டூர் நீர்மட்டத்தையும் கல்லணை திறப்பையும் டெல்டா விவசாயிகளுக்குச் சொல்லும் ஆப்பைத் தளத்துக்குத் தளம் திரும்ப எழுத வேண்டுமா என்று கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். எல்லாத் தளத்துக்கும் இல்லை.

2007 நவம்பரில் கூகுள் ஓப்பன்சோஷியல் என்ற பொது இடைமுகத்தைக் கொண்டுவந்தது. ஆர்குட், மைஸ்பேஸ் எல்லாம் சேர்ந்தன, ஃபேஸ்புக் சேரவில்லை. ஆள் யார், நண்பர்கள் யார், என்ன செய்தார்கள் என்பதை எந்தத் தளத்திலும் ஒரே மாதிரிக் கேட்கலாம் என்பதுதான் யோசனை, ஆனால் நடைமுறையில் ஒவ்வொன்றிலும் ஏதாவது இடித்தது. இப்போது அதைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இன்றைக்குப் பார்க்க வேண்டியது ஆக்டிவிட்டிபப், அதாவது வெவ்வேறு சமூக வலைத்தளங்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான பொது நெறிமுறை. இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக 2018 ஜனவரியில் ஆனது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு இன்பாக்ஸ், ஒரு அவுட்பாக்ஸ். "கல்லணை திறந்தாச்சு" என்று உங்கள் சர்வர் ஜேசான் என்ற தரவு வடிவில் ஒரு செய்தியை உருவாக்கி, பின்தொடர்பவர்களின் இன்பாக்ஸுக்கு எச்டிடிபி போஸ்ட்டாக (வலையில் தரவை அனுப்பும் வழக்கமான முறை) அனுப்பினால், இந்த நெறிமுறையைப் பேசும் மஸ்டடான் தளத்துக்காரரும் பார்ப்பார், பிளெரோமா தளத்துக்காரரும் பார்ப்பார். அனுப்பியது உங்கள் சர்வர்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாமல் அனுப்பினால் மஸ்டடான் ஏற்காது, அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம், நம்மூர் விவசாயி இருப்பது வாட்ஸப்பில்! அது இந்த மொழி பேசாது, அதற்கென்று தனி ஏபிஐ, அதாவது வெளி நிரல்கள் அதனுடன் பேசுவதற்கான இடைமுகம். அதனால் நீர்மட்டத் தரவை எடுக்கும் பகுதியையும் அனுப்பும் பகுதியையும் பிரித்தே எழுதுங்கள், தளம் மாறினால் அனுப்பும் பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.