கார் கதவு திறக்கலையா? எந்தப் பக்கமிருந்துன்னு முதல்ல சொல்லுங்க

கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிட்டு வாங்க. கதவு உள்ளே இருந்து திறக்குதா, வெளியே இருந்து திறக்குதா, ரெண்டும் இல்லையா? வெளியே இருந்து மட்டும் திறந்தா சைல்டு லாக் (குழந்தைங்க உள்ளே இருந்து திறக்காம இருக்க பின் கதவுல வைக்கிற பூட்டு), இல்லைன்னா உள் கைப்பிடியோட கேபிள். உள்ளே இருந்து மட்டும் திறந்தா வெளிக் கைப்பிடி அல்லது அதோட ராடு (இணைப்புக் கம்பி) கிளிப். ரெண்டுமே இல்லைன்னா லாக் விடலை, அல்லது லாட்ச்சே (கதவைப் பிடிச்சு வைக்கிற கொக்கி அமைப்பு) இறுகிப்போச்சு. மூணுக்கும் வேலையும் வேற, செலவும் வேற.

திண்டுக்கல்: பின்பக்க இடது கதவு வெளியே திறக்குது, உள்ளே திறக்கலை. லாக் செட்டையே மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார் சார்.

லாக் செட்டுக்கு இப்போ பணம் குடுக்காதீங்க. கதவைத் திறந்து அதோட விளிம்பைப் பாருங்க. லாட்ச்சுக்குப் பக்கத்துல ஒரு சின்ன லீவர் இருக்கும், சில வண்டியில சாவி நுனியால திருப்புற பள்ளம் இருக்கும். அதுதான் சைல்டு லாக். வண்டி துடைக்கும்போது துணி பட்டாலே சில வண்டியில நகர்ந்துடும். மாத்தி வச்சுட்டு உள் கைப்பிடியை இழுத்துப் பாருங்க.

அப்பவும் திறக்கலைன்னா கைப்பிடியைக் கவனிங்க. தானா திரும்பி வராம தொளதொளன்னு தொங்கினா, கேபிள் அதோட பிடியிலேருந்து கழண்டிருக்கு. டோர் பேடை (கதவோட உள்பக்க அட்டை) கழட்டி, கேபிளை மாட்டினா போதும்.

ஈரோடு: டிரைவர் கதவு எந்தப் பக்கமும் திறக்கலை. பக்கத்து சீட் வழியா ஏறி இறங்குறேன். மூடின கதவுல டோர் பேடை எப்படிக் கழட்டுறது?

இது நல்ல கேள்வி, விவரமாவே சொல்றேன்.

கழட்டுறதுக்கு முன்னாடி கழட்டாம பாருங்க. ஒருத்தர் வெளியே நின்னு லாட்ச் இருக்கிற ஓரத்தை இடுப்பால உள்பக்கமா அழுத்தணும். அதே நேரம் உள்ளே இருக்கிறவர் ரிமோட்ல அன்லாக் குடுத்துக்கிட்டே கைப்பிடியை இழுக்கணும். கதவு பீடிங் (சுத்தி இருக்கிற ரப்பர் பட்டை) எப்பவும் கதவை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும். அந்த இழுவை முழுக்க லாட்ச் கொக்கிமேல விழும். அழுத்தினா இழுவை தளரும், காய்ஞ்சுபோன கொக்கியும் விடும். பத்துப் பதினைஞ்சு தடவையாவது முயற்சி பண்ணுங்க. லாக் குமிழ் இருக்கிற வண்டின்னா அது முழுசா மேலே வருதான்னும் பாருங்க. பாதியில நின்னா சென்ட்ரல் லாக் மோட்டார் சிக்கியிருக்கு, கையால மேலே தூக்கிட்டு இழுங்க.

முடியலைன்னா டோர் பேட். சீட்டை முழுசா பின்னாடி தள்ளுங்க. கண்ணாடியை முழுசா மேலே ஏத்துங்க, கீழே இருந்தா கதவுக்குள்ள கை விட இடம் இருக்காது. ஸ்க்ரூ உள் கைப்பிடிக் குழிக்குள்ள சின்ன மூடிக்குப் பின்னாடி ஒண்ணு, கை வைக்கிற இடத்துல ஒண்ணு ரெண்டு இருக்கும். ஓரத்தைச் சுத்தி பிளாஸ்டிக் கிளிப். கதவு மூடியிருக்கிறதால கீழ் ஓரத்துல நெம்புறது கஷ்டம். கொஞ்சம் கிளிப் உடையும், முன்கூட்டியே பத்து வாங்கி வச்சுக்குங்க. கிளிப் விட்டதும் பேடை மேல்நோக்கித் தூக்கி எடுங்க. இரும்புத் திருப்புளி வேண்டாம், பெயின்ட் போகும்.

உள்ளே ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காதீங்க. பின் மூலையில மட்டும் மெதுவா உரிச்சா போதும். கிழிஞ்சா அடுத்த மழைக்குத் தண்ணி கார்பெட்டுக்கு வரும். கையுறை போட்டுக்குங்க, உள் தகரம் பிளேடு மாதிரி. லாக் விட்டிருக்கிற நிலையில, வெளிக் கைப்பிடியிலேருந்து லாட்ச்சுக்கு வர்ற ராடை, இல்லைன்னா கேபிளை, விரலால இழுங்க. கதவு திறந்தா லாட்ச் நல்லா இருக்கு, கிளிப்போ கைப்பிடியோதான் போயிருக்கு. திறக்கலைன்னா லாட்ச் மாத்தணும்.

ரொம்ப முக்கியம்: வேலை முடிஞ்சதும் கதவை மூடிடாதீங்க. திறந்து வச்சுக்கிட்டே, திருப்புளியால கொக்கியை மூடின நிலைக்குத் தள்ளுங்க. உள், வெளி ரெண்டு கைப்பிடியிலும் அது விடுதான்னு பாருங்க. அதுக்கப்புறம்தான் மூடணும். இதைச் செய்யாம மூடினவங்க எல்லாத்தையும் மறுபடி மொதல்லேருந்து செய்வாங்க.

தஞ்சாவூர்: பின் கதவு உள்ளே இருந்து மட்டும் திறக்கலை அண்ணா...

சைல்டு லாக். திண்டுக்கல்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்க.

மதுரை: லாட்ச்சுக்கு எந்த எண்ணெய் விடலாம்?

முதல்ல டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிச்சு பழைய அழுக்கைக் கழுவுங்க. துடைச்சு, பத்து நிமிஷம் காய விட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு. சாவித் துவாரத்துக்கு கிரீஸ் கூடாது, கிராஃபைட் பொடி.

கோபி: டபிள்யூடி-40 மட்டுமே போதாதா? அதுவும் எண்ணெய்தானே?

அந்தப் பேரோட அர்த்தமே தண்ணியை விலக்குறது, நாற்பதாவது முயற்சி. கழுவ நல்லது. ஆனா மெல்லிசு, லாட்ச்ல ரொம்ப நாள் நிக்காது. பழைய கிரீஸையும் கரைச்சுடும். அதை மட்டும் அடிச்சா ரெண்டு மாசத்துல முன்னைவிட மோசமா சத்தம் வரும்.

நாகர்கோவில்: எங்க வீட்டுல வருஷக்கணக்கா தேங்காய் எண்ணெய்தான். கதவு வெண்ணெய் மாதிரி திறக்குது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்குல உறையும். தூசியோட சேர்ந்து பிசினாவும் ஆகும். தலைக்கு வைங்க.

நாகர்கோவில்: எங்க ஊர்ல எங்கே சார் 24-க்குக் கீழே போகுது?

உறைய வேண்டாம், பிசினாகுறதுக்கு உங்க ஊர் தூசியே போதும். சமையல் எண்ணெய் பலதும் சூடும் காத்தும் பட்டா கெட்டியாகும். தாளிக்கிற வாணலியோட வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்க.

சிவகாசி: தையல் மெஷின் எண்ணெய்?

தேங்காய் எண்ணெயை விட நூறு மடங்கு மேல். பிசினாகாது. ஆனா சீக்கிரம் வடிஞ்சுடும், அடிக்கடி விடணும்.

கோபி: அப்போ பழைய இன்ஜின் ஆயில்?

அதுல கரி, உலோகத் துகள் எல்லாம் இருக்கு. உங்க சட்டையிலயும் ஒட்டும். எண்ணெய்க் கச்சேரி இதோட போதும், கதவுக்கு வருவோம்.

வேளச்சேரி: சுரங்கப்பாதைத் தண்ணியில வண்டி மாட்டினா கதவு ஏன் திறக்க மாட்டேங்குது?

லாக் கோளாறு இல்லை, தண்ணியோட அழுத்தம். கதவு ஒரு மீட்டர் அகலம், வெளியே அதுல 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணி, உள்ளே இன்னும் ஏறலைன்னு வைங்க. கதவுமேல ஏறக்குறைய 180 கிலோ எடை சாயுது. கைப்பிடி ஓரத்துல தள்ளினாலும் 90 கிலோ தள்ளணும், அதுவும் உட்கார்ந்த நிலையில. அதனால கதவோட மல்லுக்கட்டாதீங்க. தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சதும் சீட் பெல்ட்டைக் கழட்டி, மின்சாரம் இருக்கும்போதே பக்கக் கண்ணாடியை இறக்கி வெளியே வந்துடுங்க. இறங்கலைன்னா கண்ணாடி உடைக்கிற கூர் சுத்தியலால மூலையில அடிங்க, நடுவுல அடிக்காதீங்க. அதை டேஷ்போர்டு பெட்டியில வைக்காம கைக்கு எட்டுற இடத்துல வைங்க. முன் கண்ணாடி ரெண்டு அடுக்கு, நடுவுல பிளாஸ்டிக், அதுகிட்ட போகவே வேண்டாம். சில புது வண்டியில பக்கக் கண்ணாடியும் அப்படித்தான். கண்ணாடி மூலையில அச்சடிச்ச எழுத்தைப் பாருங்க, டெம்பர்டுன்னு இருந்தாதான் சுத்தியலுக்கு நொறுங்கும்.

டொராண்டோ: பனியில கதவு ஒட்டிக்கொண்டு விட்டது. சுடுதண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம். கண்ணாடி வெடிக்கலாம், ஊத்தின தண்ணியும் மறுபடி உறையும். கதவை உள்பக்கமா நாலஞ்சு இடத்துல அழுத்தி பனியை உடைங்க. குளிர்காலத்துக்கு முன்னாடியே பீடிங்ல சிலிகான் ஸ்ப்ரே தடவுங்க.

சேலம்: பின் கதவு உள்ளே இருந்து...

சைல்டு லாக்.

திருச்சி: பேட்டரி செத்துப்போச்சு, ஸ்மார்ட் கீ வேலை செய்யலை. கண்ணாடி இடுக்குல ஸ்கேல் விட்டுத் திறக்கலாமா?

ஸ்கேல் கூடவே கூடாது. இப்போ வர்ற பல கதவுல ராடு கிடையாது, கேபிள்தான், ஸ்கேலுக்கு மாட்டாது. வயரும் சென்சாரும்தான் மாட்டும். ஸ்மார்ட் கீக்குள்ளேயே ஒரு சின்ன உலோகச் சாவி இருக்கு, பக்கத்துப் பொத்தானை நகர்த்தி உருவுங்க. டிரைவர் கைப்பிடியில துவாரம் தெரியலைன்னா மூடிக்குள்ள ஒளிஞ்சிருக்கும், கீழ்ப்பக்கம் இடுக்கு இருக்கும்.

ஆனா குழந்தை உள்ளே மாட்டியிருந்தா இதையெல்லாம் தேடிக்கிட்டு இருக்காதீங்க. வெயில்ல பத்து நிமிஷத்துல உள்ளே 10 டிகிரி ஏறும். 112-க்குக் கூப்பிடுங்க. குழந்தைக்குத் தூரமா இருக்கிற பக்கக் கண்ணாடியை உடைங்க.

கரூர்: டிரைவர் கதவு மட்டும் ரிமோட்டுக்கு ஒரு நேரம் கேட்குது, ஒரு நேரம் கேட்கலை.

கதவுக்கும் பில்லருக்கும் (கதவு மாட்டியிருக்கிற தூண்) நடுவுல ரப்பர் குழாய்க்குள்ள போற வயரைப் பாருங்க. கதவைக் கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுக்கிட்டே ரிமோட்டை அழுத்துங்க. ஒரு கோணத்துல மட்டும் வேலை செஞ்சா வயர் உள்ளே அறுந்திருக்கு. சால்டர் பண்ணணும், முறுக்கி டேப் சுத்தினா மறுபடி அறுந்துபோகும்.

வேலூர்: சாவி தொலைஞ்சது, டூப்ளிகேட்டுக்கு எவ்வளவு ஆகும்?

அது கதவு வேலை இல்லை. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம இன்ஜினை ஸ்டார்ட் ஆக விடாத அமைப்பு) இருக்கிற வண்டின்னா ஷோரூம்ல கேளுங்க.

ஊட்டி: நாகர்கோவில்காரர் சொன்னதைப் பார்த்து நேத்து தேங்காய் எண்ணெய் விட்டேன். காலையில கதவு மூடவே மாட்டேங்குது. வெயில் ஏறினதும் சரியாயிடுச்சு.

ஓங்கி அடிச்சு மூடாம இருந்தீங்களே, அதுவரைக்கும் நல்லது. கொக்கியைப் பிடிச்சு நிறுத்துற சின்னப் பல் உறைஞ்ச எண்ணெய்ல மந்தமாயிருக்கு. ஹேர் டிரையரால லாட்ச்சைச் சூடாக்குங்க, டபிள்யூடி-40 அடிச்சு எண்ணெய் முழுக்க வழிஞ்சு போறவரைக்கும் கழுவுங்க, துடைச்சு லித்தியம் கிரீஸ் வைங்க. மூடுறதுக்கு முன்னாடி திருப்புளியால கொக்கியைச் சோதிச்சுட்டு மூடுங்க.