அடுத்த போகத்தில் சரிவருமா?

கேள்வி: கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிரம்பினால் வட இலங்கையின் வன்னிப் பகுதி பிழைத்துக்கொள்ளும். வெள்ளமோ வரட்சியோ, அது ஒரு போக நட்டம்தான். அடுத்த போகத்தில் சரிவந்துவிடும். இதற்குப் போய் 'நீண்டகாலப் பொருளாதாரப் பாதிப்பு' என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?
- பரந்தன் வாசகர் ஒருவர்

பதில்: நெல்லுக்குச் சரிவந்துவிடும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மூழ்கிய வயல்களில் பிறகும் நெல் விளைந்தது. அந்தக் காலபோகத்துக்காக, அதாவது மாரிமழை நெற்செய்கைக்காக, ஈடு வைத்த நகை திரும்பியதா என்று வீட்டுக்காரியிடம் கேளுங்கள். உழவுக்கும் உரத்துக்கும் கடன் வாங்கித்தான் விதைக்கிறோம்; கதிர் அழுகினாலும் வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். இரண்டு காலபோகம் பொய்த்தால் மாடு விலைப்படுகிறது, மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகிறது. அதன்பின் மழை ஒழுங்காகப் பெய்து என்ன, அந்தப் பிள்ளை மறுபடி பத்தாம் வகுப்பில் போய் உட்காருமா?

1930களில் அமெரிக்கச் சமவெளிகளின் மேல்மண்ணைப் புழுதிப் புயல்கள் வாரிக்கொண்டு போயின. பொருளியலாளர் ரிச்சர்ட் ஹோர்ன்பெக் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, அரிப்புக் கடுமையான இடங்களில் காணியின் பெறுமதி, அரிப்புக் குறைந்த இடங்களோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 30 சதவீதம் விழுந்தது. 1950களிலும் அந்த இழப்பில் பெரும்பகுதி ஈடாகவில்லை. பயிரை மாற்றிச் சமாளித்தது கொஞ்சம். ஊரை விட்டுப் போனதே அதிகம். இது வங்கியும் டிராக்டரும் இருந்த நாட்டின் கதை.

அமெரிக்கா தூரம் என்றால் வன்னிக் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். கட்டு உடைந்து தூர்ந்து கிடக்கும் குளங்கள் ஒருகாலத்தில் வயல்களுக்கு நீர் பாய்ச்சியவை. சனம் குறைந்தது படையெடுப்பாலா, வரட்சியாலா, நோயாலா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். மல்லுக்கட்டட்டும். பின்னர் நடந்ததைக் கவனியுங்கள்: கட்டைத் திருத்த ஆளில்லை; தேங்கிய நீரில் நுளம்பு பெருகியது; மலேரியாவுக்குப் பயந்து ஆட்கள் வரவில்லை; ஆட்கள் வராததால் கட்டு மேலும் உடைந்தது. நூற்றாண்டுக்கணக்கில் இதுதான் நிலைமை. 1902இல் இரணைமடு வேலை தொடங்கி, 1940களில் நுளம்பைக் கொல்லும் டீடீடீ மருந்து தெளித்த பிறகே அது மாறியது.

இன்றும் ஆற்று மணல் டிப்பரில் ஏறினால் வருமானம் என்று கணக்கில் சேர்கிறது. மணல் போனதால் அயல் கிணற்றில் நீர் இறங்குவதை யாரும் நட்டமாக எழுதுவதில்லை.

அடுத்த போகத்தில் சரிவரும் என்கிறீர்கள். எந்தக் கிணற்று நீரில், யார் கொடுக்கும் கடனில், எந்தப் பிள்ளை நின்று விதைக்கப்போகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பிரசுரிக்கிறேன்.