36 அடி படகுக்கு பின்காத்துப் பாய் என்ன சைஸ் வாங்கலாம்?

36 அடி படகு, நீங்களும் மனைவியும் ரெண்டே பேர், இங்கிலாந்து தென்கரையில இருக்கற சோலன்ட்ல இருந்து இங்கிலீஷ் சேனல் தாண்டி பிரான்ஸ் வரைக்கும் போய்வர அசிமெட்ரிக் ஸ்பின்னேக்கர் (பின்காத்துக்குன்னே முன்னாடி பலூன் மாதிரி ஏத்துற பெரிய பாய்) என்ன சைஸ்னு கேட்டிருக்கீங்க. எவ்வளவு பெருசு ஏத்தலாம்னு யோசிக்காதீங்க, எவ்வளவு பெருச ரெண்டு பேரால இறக்க முடியும்னு யோசிங்க. நான் இதை உல்டாவா யோசிச்சுதான் மாட்டிக்கிட்டேன்.

மொதல்ல, 36 அடிங்கறதை வெச்சு பாய் வாங்க முடியாது. ரெண்டு அளவு வேணும். டெக்ல இருந்து மாஸ்ட்டுல (பாய்மரத்துல) ஹாலியார்ட், அதாவது பாயை ஏத்துற கயிறு, வர்ற இடம் வரைக்கும் உயரம், அது ஐ. மாஸ்ட்டோட முன்பக்கத்துல இருந்து டெக்ல ஃபோர்ஸ்டே (மாஸ்ட்டை முன்னாடி இழுத்துப் பிடிக்கிற கம்பி) பிடிக்கிற இடம் வரைக்கும் தூரம், அது ஜே. எங்க படகுல ஐ 14.5 மீட்டர், ஜே 4.2, பெருக்கினா கிட்டத்தட்ட 61, அதை 1.6 ஆல பெருக்கினா 97 சதுர மீட்டர் வரும். இது ரேஸ் ஆளுங்க ஏத்துற ஃபுல் சைஸ்னு வெச்சுக்கலாம். க்ரூசிங்குக்கு அதுல முக்கால்வாசி, அதாவது 73-75 போதும், உங்க அளவைப் போட்டு நீங்களே கணக்குப் பாத்துக்கங்க.

நான் என்ன பண்ணேன்னா ஒரு ரேஸ் படகோட பழைய பாய் மலிவா கிடைக்குதேன்னு 100 சதுர மீட்டர்ல வாங்கிட்டேன். வேமத் துறைமுகத்துல இருந்து திரும்பி வர்றோம், தென்மேற்குக் காத்து 12 நாட் (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்), சொகமா போகுது, வழியில செயின்ட் ஆல்பன்ஸ் ஹெட்ங்கற முனை கிட்ட வர்றப்ப 16, 17 ஆயிடுச்சு, ஆனா பின்காத்துல அது உறைக்கவே உறைக்காது, ஏன்னா படகு 6 நாட்ல காத்து போற பக்கமே ஓடுது, மூஞ்சில படுறது 10 தான். ஒரு அலை பின்பக்கத்தைத் தள்ளி படகு பக்கவாட்டுல திரும்பிச்சு பாருங்க, அதே காத்து 17, 18ஆ அடிக்குது. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு, அந்தக் கணக்குல பாய் மேல விழுந்த இழுவை மூணு மடங்கு ஆயிடுச்சு. படகு சாஞ்சு சுக்கானுக்குப் பிடியே இல்ல, கூட வந்த நண்பன் சாக்கை (பாயை மேல இருந்து மூடி இறக்குற துணிக்குழாயை) பிடிச்சுத் தொங்குறான் இறங்க மாட்டேங்குது. கடைசில ஷீட்டை (பாயோட மூலையை இழுத்துப் பிடிக்கிற கயிறை) முழுசா விட்டுட்டு, படகை மறுபடி காத்து போற பக்கம் திருப்பி, மெயின் பாயோட மறைவுல இதைக் கொண்டு வந்த அப்புறம்தான் சாக் இறங்குச்சு. நான் மொதல்லயே அதைத்தான் பண்ணிருக்கணும்.

துணி 0.75 அவுன்ஸ் நைலான் போதும், இதுக்கு ரொம்ப மண்டைய உடைக்காதீங்க.

இன்னொன்னு, அசிமெட்ரிக் நேர் பின்காத்துல வேலை செய்யாது, மெயின் மறைச்சுடும், பொத்துனு விழுந்து கிடக்கும். காத்துக்கு 140, 145 டிகிரில படகை வெச்சு, ஜைப் (பின்காத்துல திரும்பிப் பாயைப் பக்கம் மாத்துறது) பண்ணிப் பண்ணித்தான் போகணும். நேரா போகணும்னா ஜெனோவாவை (பெரிய முன்பாயை) ஒரு கம்பு வெச்சு மெயினுக்கு மறுபக்கம் விரிச்சுட்டுப் போங்க, எங்க வீட்டம்மாவுக்கு அதுதான் பிடிக்கும், இப்பல்லாம் 15 நாட் தாண்டினா நாங்க ஸ்பின்னேக்கரை எடுக்கறதே இல்ல.

செகண்ட் ஹேண்ட் பாக்கறீங்கன்னா பரப்பளவை விட லஃப் (பாயோட முன் விளிம்பு) நீளத்தை டேப் போட்டு அளங்க, சாக்கோட தலையும் மேல கொஞ்சம் உயரத்தைத் தின்னுடும், லஃப் அதிகமா இருந்தா ஹாலியார்டை முழுசா ஏத்தியும் பாய் முன்னாடி தொளதொளன்னுதான் நிக்கும், என்னோடது அப்படித்தான் நின்னுச்சு.