தண்டவாளத்து மாடி வீடு

கேள்வி: அமெரிக்கச் சிற்றூர் ரயில் சந்திப்புகளின் பழைய படங்களில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு நிற்கிறதே, அது என்ன?

பதில்: அதுதான் டவர், சிக்னல்களை இயக்கும் இடம். அது நிற்பது, இரண்டு கம்பெனிகளின் ரயில் பாதைகள் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் இடத்தில். முன்பெல்லாம் ரயில்கள் அங்கே நின்று, பார்த்துத்தான் கடக்கவேண்டும். அப்புறம் மாடியில் லீவர்களை வரிசையாக வைத்தார்கள். ஒரு பாதைக்குச் சிக்னல் கொடுத்துவிட்டால் குறுக்குப் பாதையின் லீவர் அசையவே அசையாது; இரும்புப் பூட்டு பிடித்துக்கொள்ளும். என்ன அருமையான யோசனை! ஒஹையோ மாநிலத்தின் மேரியன் ஊரில் 1902-இல் கட்டிய ஸ்டேஷனும், ‘AC’ என்று பெயர்கொண்ட டவரும் இன்றும் இருக்கின்றன. காப்பாற்றியவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. அதே ஒஹையோவில்தான் 1927-இல், ஸ்டான்லி, பெர்விக் என்ற ஊர்களுக்கு இடையே சுமார் 40 மைல் பாதையின் சிக்னல்களை ஒரே மேசையிலிருந்து இயக்கும் முறை வந்தது. அந்த முறை பரவப் பரவ டவர்கள் மூடப்பட்டன.