பட்டறைப் பதில்கள்: ஜப்பான் வண்டியா, நம்ம ஊர் வண்டியா?

*ஆறு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. 45 எச்.பி. டிராக்டர் வாங்கப் போகிறேன். டீலர், "இது ஜப்பான் வண்டி சார், கை வைக்கவே வேண்டாம்" என்கிறார். அப்பாவோ, "நம்ம நாட்டுக் கம்பெனி வண்டியைத் தவிர எதையும் வாசலில் நிறுத்தாதே" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?*
– வாசகர், நீடாமங்கலம்

முதலில் அந்த டீலரிடம் வண்டியை எந்த ஆலையில் பூட்டினார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஃபரிதாபாத் என்று பதில் வரும். அங்கே இருக்கும் எஸ்கார்ட்ஸ் டிராக்டர் கம்பெனியை ஜப்பான் குபோட்டா 2022-ல் தன் துணை நிறுவனமாகச் சேர்த்துக்கொண்டது. ஜான் டியர் அமெரிக்கப் பெயர், வண்டி வருவது புனே பக்கத்திலிருந்தும் மத்தியப் பிரதேசம் தேவாஸிலிருந்தும். நியூ ஹாலண்ட் கிரேட்டர் நொய்டா. இத்தாலிக்காரர்களின் டாய்ட்ஸ் ஃபார் ஆலை நம்ம ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது!

அப்பா சொல்கிற 'நம்ம கம்பெனி'களும் வெளிநாட்டு உறவில்லாமல் வளரவில்லை. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே, வெளிநாட்டு மாஸி ஃபெர்குசன் பெயரில்தான் வண்டி விற்றது. மஹிந்திரா 1963-ல் அமெரிக்க இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து இறங்கியது. முழுக்க இங்கேயே வரைந்து செய்தது என்றால் ஸ்வராஜ்தான். துர்காபூர் அரசு ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்து, 1974-ல் மொஹாலியிலிருந்து வெளியே வந்தது. அதுவும் 2007-லிருந்து மஹிந்திரா கையில்.

ஆனால் அப்பா பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. டாஃபேயின் மாஸி 1035-க்கு கிளட்ச் பிளேட் வேண்டுமா? மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி எங்கே போய்க் கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள். எத்தனையோ வருடமாக இங்கேயே ஓடிய மாடல். அதில் இருக்கும் சென்னை செம்பியத்து சிம்சன் இன்ஜினைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரிக்கிற மெக்கானிக் நம் பக்கம் இருக்கிறான். உள்நாட்டில் செய்வதால் வாங்குகிறவனுக்குக் கிடைக்கிற லாபம் இதுதான். தேசபக்தியை இதில் நான் சேர்ப்பதில்லை.

அந்த லாபமும் நிரந்தரம் கிடையாது. எச்.எம்.டி. அரசாங்கக் கம்பெனி. செக் நாட்டு ஜெட்டார் உதவியோடு பிஞ்சோரில் செய்தார்கள். இரும்பு என்றால் அந்த இரும்பு! ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது என் பட்டறைக்கு எச்.எம்.டி. வந்தால், கழற்றுவதற்கு முன் பழைய சாமான் கடைக்கு இரண்டு போன் போட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுகிறேன்.

உங்களுக்கு நஞ்சை. கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறங்கினால் முதலில் அடி வாங்குவது முன் ஆக்ஸில் சீல். வைக்கோல் ஹப்பில் சுற்றி சீலை அறுக்கும், சேறு உள்ளே போகும். ஹப்பைத் திறந்தால் ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி நிற்கும். கவனிக்காமல் ஓட்டினால் பேரிங் போச்சு. இந்த வேலை சம்பா உழவு நடுவில்தான் வரும். அப்போது சீல் மூன்று நாள் கழித்துப் பார்சலில் வந்தால், அது ஜப்பான் சீலாக இருந்து என்ன பிரயோஜனம்?

அதனால் ஷோரூமுக்குப் போகும் முன் அதே கம்பெனியின் பார்ட்ஸ் கவுண்டருக்குப் போங்கள். வண்டி வைத்திருப்பவர் மாதிரியே, முன் ஆக்ஸில் சீலும் கிளட்ச் பிளேட்டும் ஹைட்ராலிக் பம்ப் கிட்டும் கேளுங்கள். கையில் எடுத்துக் கொடுத்தால் அந்த வண்டியைப் பற்றி மேலே பேசலாம். "ஆர்டர் போட்டுத் தர்றோம்" என்றால், அது எந்த நாட்டு வண்டியானாலும் ஒதுங்கிவிடுங்கள்.

இன்னொன்று, புத்னி ரிப்போர்ட் கேளுங்கள். மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் சோதனை நிலையம் இருக்கிறது. பி.டி.ஓ.வில், அதாவது ரொட்டவேட்டரைச் சுழற்றுகிற பின்பக்கத் தண்டில், எத்தனை எச்.பி. வருகிறது, மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கிறது எல்லாம் அந்த அறிக்கையில் இருக்கும். பானட்டில் எழுதியிருக்கிற நம்பரை நம்பி ரொட்டவேட்டர் வாங்கி, அது இழுக்கவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

*என் வண்டி எப்போது, எங்கே செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?*
– வாசகர், பேராவூரணி

வண்டியில் அடித்திருக்கும் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். கம்பெனி பெயர், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இருக்கும். செய்த மாதமும் வருடமும் ஆர்.சி.யிலும் வரும். புது வண்டியானால் இதைப் பணம் கட்டும் முன்பே பாருங்கள். போன வருடத்துச் சரக்கைத் தை மாதத்தில் புது வண்டி விலைக்கே தள்ளிவிடுவது சகஜம்.

*சீனா பவர் டில்லர் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?*
– வாசகி, பாபநாசம்

வேண்டாம்மா. 2020 ஜூலையில் மத்திய அரசு பவர் டில்லர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. பெரும்பாலும் அதற்கு முன்னால் வந்து இறங்கியதுதான் இப்படிக் கை மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு கியர் உடைந்தால் லேத்தில் கொடுத்துக் கடையச் சொல்ல வேண்டியதுதான். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பக்கத்தில் டீலர் இருக்கிறதாகப் பாருங்கள்.

*உள்நாட்டு டிராக்டருக்குத்தான் வரியைக் குறைத்தார்களாமே?*
– வாசகர், கும்பகோணம்

யாரோ கதை விட்டிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது, எந்தக் கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்தாலும் அதே 5. டிராக்டர் டயர், ட்யூப் 18-லிருந்து 5. பழைய விலைப் பட்டியலை நீட்டினால் வாங்காமல், வரியைத் தனியாகக் காட்டிப் புதுக் கொட்டேஷன் எழுதித் தரச் சொல்லுங்கள்.