பாட்டி தின்ற இலையும் மாத்திரையில் போகும் சத்தும்: கேள்வி பதில்

மருந்தில் சேரும் தாவரப் பொருள்களை வாய்வழியாகக் கொடுத்துச் சோதிப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். நிலாவாரையைக் காலங்காலமாகச் சாப்பிடுகிறோம். அதற்கு எதற்குச் சோதனை?

நிலாவாரை உலகச் சந்தையில் 'டின்னவேலி சென்னா' என்று நம்ம ஊர்ப் பேரிலேயே விலைபோகும் சரக்கு. எனக்கும் அதில் பெருமை உண்டு. மலம் கட்டிய அன்று ராத்திரி கொஞ்சம் பொடி தின்றால் கேடில்லை என்பதுதான் நம் அனுபவம். அதில் பேதியாக்கும் சத்தான சென்னோசைடை மட்டும் பிரித்து, மாத்திரையாக்கி, மாதக்கணக்கில் எந்தப் பாட்டியும் தின்றதில்லை. அப்படித் தின்றால் பேதியோடு பொட்டாசியமும் போகும். இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவருக்கு அது ஆபத்து.

சார், பாளையங்கோட்டையில் பார்மசி படிக்கிறேன். மாத்திரை கட்டப் புளியங்கொட்டைப் பசை சேர்க்கிறோம். ஒரே நாளில் கொடுத்து நஞ்சு பார்க்கும் ஓஇசிடி 423 என்ற சர்வதேச முறையில், எலியின் உடல் எடையில் கிலோவுக்கு 2000 மி.கி. வாய்வழியாகக் கொடுக்கச் சொல்கிறார் கைடு. பசை வாய்வழி கொடுக்கும் குழாய் ஊசியில் ஏற மாட்டேன் என்கிறது.

ஏறாதும்மா. கணக்கைப் பாருங்கள். 200 கிராம் எலிக்கு 400 மி.கி. வேண்டும். தண்ணீரில் கலந்த மருந்தென்றால் ஒரு தடவைக்கு 4 மி.லி. வரைதான் கொடுக்கலாம். அதாவது 10 சதவீதக் கரைசல். நான் முதன்முதலில் கலந்தபோது பீக்கரைச் சாய்த்தாலும் அசையவில்லை, களி மாதிரி நின்றது. அதை அழுத்தித் தள்ளினால் மூச்சுக்குழாயில் போய் எலி செத்துவிடும். செத்தது நம் கைப்பிழையால், பழி பசை மேல் விழும். நீர்க்கக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் சில தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். விதியே அதற்கு இடம் தருகிறது.

சோதனையின் ஒரு கட்டத்துக்கு மூன்று எலி, வழக்கமாகப் பெண் எலி. முந்தின ராத்திரி தீனி கிடையாது, தண்ணீர் உண்டு. கொடுத்தபின் முதல் அரை மணி நேரம் கூண்டை விட்டு நகராதீர்கள். ரோமம் சிலிர்க்கிறதா, நடுங்குகிறதா, எச்சில் வடிகிறதா என்று பாருங்கள். நான்கு மணி நேரம் வரை அடிக்கடி, அப்புறம் 14 நாள் தினமும் பார்க்க வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வராமல் ஒரு எலியையும் தொடக் கூடாது.

14 நாளும் எலி சாகவில்லை. 'நஞ்சில்லை' என்று எழுதலாமா?

கூடாது. 'ஒரே தடவை 2000 மி.கி. கொடுத்ததில் சாவில்லை' என்று மட்டும் எழுதுங்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகைக் கேப்சூல் எடுத்த பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பிறகு சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக நம் ஆடுதீண்டாப்பாளையின் இனச் செடி ஒன்று மாறிச் சேர்ந்திருந்தது. அந்தச் செடியில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் மெல்லக் கொல்லும். அதனால்தான் 28 நாள், 90 நாள் தினமும் கொடுத்துப் பார்க்கும் சோதனையும், மரபணுவைக் கெடுக்கிறதா என்று பார்க்கும் சோதனையும். எல்லாவற்றுக்கும் முன்னால், கையில் இருப்பது எந்தச் செடி என்று தாவரவியலாரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எலிக்குக் கிலோவுக்கு 1000 மி.கி. கேடில்லாமல் ஒத்துக்கொண்டால் மனிதருக்கு எவ்வளவு?

எலி அளவை மனித அளவாக மாற்ற 6.2-ஆல் வகுப்பார்கள்; வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 160 மி.கி. பாதுகாப்புக்காக அதையும் பத்தால் வகுத்தால் 16. 60 கிலோ ஆளுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. இது மனிதரிடம் முதல் சோதனையைத் தொடங்கும்போது தாண்டக் கூடாத அளவு. வைத்தியர் கொடுக்கும் அளவென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலியோரம் செங்காந்தள் கிழங்கு கிடக்கிறது. மூட்டுவலிக்கு நல்லதாமே, துளி தின்று பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தக் கிழங்கிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சு தின்றவுடன் ஒன்றும் காட்டாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் வரும். அது அடங்கி, பிழைத்தோம் என்று நினைக்கையில் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். யாராவது தின்றுவிட்டால் வாந்திக்குக் காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மிச்சக் கிழங்கையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.