சீரியம் ஆக்சைடின் கொடுக்கல் வாங்கல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சீரியம் ஆக்சைடைக் கடுமையாகச் சூடாக்கினால் ஆக்சிஜனை விட்டுவிடுகிறது என்றும், வெப்பம் தணிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்றும் படித்தேன். ஆக்சிஜனை இழந்தபின் அது வேறொரு பொருளாகிவிடாதா? பழைய நிலைக்கு எப்படித் திரும்புகிறது?

பதில்: விஷயத்தின் மையத்தையே தொட்டுக் கேட்டிருக்கிறீர்கள். சிவந்த இரும்பு ஆக்சைடை மிக அதிகமாகச் சூடாக்கினால் அது ஆக்சிஜனை இழந்து, வேறு படிக அமைப்புடைய கறுப்பு ஆக்சைடாகிவிடும். சீரியம் ஆக்சைடோ கணிசமான அளவு ஆக்சிஜனை இழந்தபின்னும் தன் சட்டகத்தைக் கலைக்காமல் வைத்திருக்கிறது. அந்தச் சட்டகத்தில் ஒவ்வொரு சீரியம் அயனியைச் சுற்றியும் எட்டு ஆக்சிஜன் அயனிகளும், ஒவ்வொரு ஆக்சிஜன் அயனியைச் சுற்றியும் நான்கு சீரியம் அயனிகளும் அமைந்துள்ளன. ஓர் ஆக்சிஜன் வெளியேறும்போது அது விட்டுச்செல்லும் இரண்டு எலெக்ட்ரான்களை இரண்டு சீரியம் அயனிகள் ஏற்று, நான்கு நேர் மின்னூட்டத்திலிருந்து மூன்றுக்கு இறங்குகின்றன. அவை சற்றே பருப்பதால் படிகமும் சிறிது விரிகிறது. ஆனால் ஆக்சிஜன் இருந்த இடம் காலியாகவே நிற்கிறது. அதற்குள் அடுத்த ஆக்சிஜன் தாவ, அதன் இடம் காலியாக, இப்படியே மேற்பரப்பில் ஏற்பட்ட இழப்பு உள்ளே வரை பரவுகிறது. இதனால்தான் இதைப் பஞ்சுக்கு ஒப்பிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பஞ்சில் நீர் துளைகளில் தங்குகிறது. இங்கே போவதும் வருவதும் படிகத்தின் உறுப்பேயாகும்.

ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க மிகுந்த ஆற்றல் தேவை. ஆயினும் படிகத்தில் கட்டுண்டிருந்த அணு வாயுவாக விடுபடும்போது எண்ட்ரோபி, அதாவது துகள்களின் ஒழுங்கின்மையின் அளவு, பெருகுகிறது. வெப்பநிலை ஏற ஏற அந்தப் பெருக்கத்தின் பலம் கூடி, வெளியேற்றத்துக்குச் சாதகமாகிறது. சுற்றிலும் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் இன்னும் எளிது. எனவேதான் ஆய்வகங்களில் ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸில் ஆர்கான் போன்ற வினைபுரியாத வாயுவைச் செலுத்தி, வெளிவரும் ஆக்சிஜனை அகற்றுகிறார்கள்.

இழப்பின் அளவை ஒரு கணக்கால் காணலாம். 100 சீரியம் அணுக்களுக்கு 200 ஆக்சிஜன் அணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் 195 மட்டுமே எஞ்சியதாகக் கொள்வோம். 172 கிராம் பொடியில் அந்த இழப்பு வெறும் 0.8 கிராம், நுண்ணிய தராசு இல்லாமல் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்று உண்டு: வெளிர் மஞ்சள் பொடி ஆக்சிஜனை இழக்கும்போது கருநீலமாகிறது. சூடான நிலையில் காற்றுப் பட்டால் ஆக்சிஜன் மூலக்கூறுகள் மேற்பரப்பில் பிளந்து, எலெக்ட்ரான்களைப் பெற்றுக் காலியிடங்களை நிரப்புகின்றன. வெப்பம் வெளிப்படுகிறது, மஞ்சள் நிறமும் திரும்புகிறது.

கேள்வி: காற்றுக்குப் பதிலாக நீராவியைக் கொடுத்தால்?

பதில்: நீரிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை விட்டுவிடும். மேலே சொன்ன 172 கிராம் பொடி முழுமையாக நிரம்பினால் 0.1 கிராம், அதாவது இயல்பான வெப்ப அழுத்த நிலையில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் ஹைட்ரஜன் கிடைக்கும். கரியமில வாயுவைச் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடு கிடைக்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெவ்வேறு கட்டங்களில் வெளிவருவதால் வெடிக்கும் கலவை உண்டாவதில்லை. இந்த முறையின் பெருஞ்சிறப்பாக நான் கருதுவது இதைத்தான். குவித்த சூரிய ஒளிக்கு ஏற்ற இந்தச் சுழற்சியை 500 முறை நிகழ்த்திக் காட்டிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. அதன் சூரிய உலையில், விழுந்த ஆற்றலில் ஏறத்தாழ 0.8 சதவீதமே எரிபொருளாக மாறியது. இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையே பொருள் முழுவதையும் மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்விக்கும்போது வெப்பம் வீணாவது இன்னும் பெரிய தடையாகவே உள்ளது.

கேள்வி: கார்களின் புகைக்குழாயிலும் இது பயன்படுகிறதா?

பதில்: ஆம். பெரும்பாலும் சிர்க்கோனியம் ஆக்சைடுடன் கலந்து, மேலே சொன்னதைவிட மிகக் குறைந்த வெப்பநிலையில் பயன்படுகிறது. புகையில் ஆக்சிஜன் மிகும்போது வாங்கி வைத்து, குறையும்போது கொடுத்து, கார்பன் மோனாக்சைடு முழுமையாக எரிய உதவுகிறது. அங்கே ஆக்சிஜனை வெளியே இழுப்பது வெப்பம் மட்டுமன்று, அதனோடு வினைபுரியக் காத்திருக்கும் அந்த வாயுவும்தான்.